இல்லாத காலில் எரிச்சல் எப்படி வருகிறது? அந்த உணர்வு மூளையில் எங்கே இருக்கிறது?

நீங்கள் கேட்டது இதுதான்: சுகரால் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், புண் ஆறிவிட்டது, ஆனால் இல்லாத அந்தக் காலின் கட்டைவிரல் எரிகிறது என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் தவிக்கிறார். சொந்தக்காரர்கள் மனப்பிரமை என்கிறார்கள், எடுத்த காலை முறையாகப் புதைக்காததுதான் காரணம் என்றுகூட ஒருவர் சொல்லியிருக்கிறார். கூடவே நீங்கள் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: இல்லாத காலையே மூளை உணர வைக்கிறது என்றால் நாம் உணர்கிற மற்றதெல்லாம் என்ன, 'நான் உணர்கிறேன்' என்கிற பிரக்ஞை மூளைக்குள் எந்த இடத்தில் இருக்கிறது?

முதலில் அப்பா விஷயம். அது பிரமை இல்லை. கால் இல்லை, வலி இருக்கிறது, இரண்டுமே உண்மை. நான் கடலூரில் பிசியோதெரபிஸ்ட். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், ஓ.டி. (கடலூர் பழைய நகரம்), நெல்லிக்குப்பம் பக்கமிருந்து என்னிடம் வருகிறவர்களில் கால் எடுத்தவர்கள் நிறையப் பேர், அதில் முக்கால்வாசி சுகர்தான். ஆபரேஷனுக்குப் பிறகு "கால் இன்னும் இருக்கிற மாதிரியே இருக்கு" என்று சொல்லாதவரைப் பார்ப்பதுதான் அபூர்வம். பலர் இதை வெளியே சொல்வதே இல்லை, பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். தேவனாம்பட்டினத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போனவர், ராத்திரியில் மனைவியை எழுப்பி "காலில் கொசு கடிக்குது, போர்வையை இழுத்து விடு" என்பாராம். அந்த அம்மா எழுந்து, கால் இருந்திருக்க வேண்டிய வெறும் பாயின் மேல் போர்வையை இழுத்துவிட்டுப் படுப்பார். அந்தப் பெரியவருக்குக் கால் இல்லை என்பது நன்றாகத் தெரியும், பகலில் தானே ஸ்டம்பை (வெட்டிய காலில் மிஞ்சிய பகுதியை) கழுவித் துணி சுற்றிக்கொள்வார். தெரிந்திருப்பது வேறு, உணர்வது வேறு. இந்த இரண்டும் மூளையில் ஒரே வேலை இல்லை என்பதிலிருந்துதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதிலே தொடங்குகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 16-ம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரே இதை எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வெயர் மிட்செல் 1871-ல் இதற்கு பேண்டம் லிம்ப் (மாய உறுப்பு) என்று பெயர் வைத்தார், இன்றைக்கும் டாக்டர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கை கால் எடுத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வலியும் வரும். எடுப்பதற்கு முன்னாலேயே அந்தக் காலில் ரொம்ப நாள் வலி இருந்திருந்தால் பின்னாலும் வலி வர வாய்ப்பு அதிகம். சுகர் கால்களில் அதுதானே நடக்கிறது, மாதக்கணக்கில் எரிச்சலும் குடைச்சலும் பட்டு, ஆறாத புண்ணோடு நடந்து, கடைசியில்தான் எடுக்கிறார்கள். எனவே காலைப் புதைத்த முறைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை யாராவது அப்பா காதுபடப் பேசினால் தயவுசெய்து நிறுத்துங்கள், வலியோடு குற்ற உணர்ச்சியையும் அவர் சுமக்க வேண்டாம்.

சரி, எப்படி வருகிறது? ஒரு காரணம் கீழே இருக்கிறது: வெட்டுப்பட்ட நரம்பின் முனை சிலருக்கு முடிச்சு மாதிரி வளர்ந்து, யாரும் தொடாமலேயே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த நரம்பு ஒரு காலத்தில் கட்டைவிரலிலிருந்து வந்த நரம்பு, அதனால் அதில் எது வந்தாலும் 'கட்டைவிரல்' என்றுதான் படிக்கப்படும். முதுகுத்தண்டில் வலியைக் கடத்தும் செல்களும் நாள்பட்ட வலியில் கூர்மையாகி, சின்னத் தூண்டலையும் பெரிதாக்கி மேலே அனுப்பப் பழகிவிடும். இன்னொரு காரணம் மேலே, மூளையில். 1930-களில் மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், வலிப்பு நோயாளிகள் விழித்திருக்கும்போதே மூளையைத் திறந்து (மூளைக்குத் தனக்கென்று வலி கிடையாது) அங்கங்கே மெல்லிய மின்சாரம் வைத்துப் பார்த்தார். ஓரிடத்தில் வைத்தால் உதடு சிலிர்க்கும், கொஞ்சம் தள்ளி வைத்தால் விரல், உச்சியிலிருந்து இரண்டு அரைக்கோளங்களுக்கும் நடுவே இறங்கும் மடிப்பில் பாதம். அதாவது உடம்பு முழுவதற்கும் மூளையின் மேற்பரப்பில் ஒரு வரைபடம் இருக்கிறது, அதில் பாதத்துக்கான இடத்தைத் தொட்டாலே பாதத்தில் உணர்வு வரும், பாதத்தை யாரும் தொட வேண்டியதில்லை. ஆபரேஷனில் அப்பாவின் கால்தான் போனது. அந்த இடம் அப்படியே இருக்கிறது.

இந்த விஷயத்தில் உலகம் முழுக்கப் பேசப்படுகிற பெயர் நம்ம ஊர்க்காரர், சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ்.ராமச்சந்திரன். 1990-களில் கை இழந்த ஒருவரின் கன்னத்தை அவர் பஞ்சுக்குச்சியால் தொட்டபோது, இல்லாத விரல்களிலும் தொடுவது தெரிகிறது என்றார் அந்த நோயாளி. மூளை வரைபடத்தில் முகமும் கையும் பக்கத்துப் பக்கத்து இடங்கள். அதனால், காலியாகிப்போன கையின் இடத்துக்குள் முகம் நுழைந்துவிடுகிறது என்று விளக்கினார். பல இடங்களில் இன்னும் இந்த விளக்கம்தான் சொல்லப்படுகிறது, ஆனால் இப்போது அது அவ்வளவு உறுதியாக இல்லை. 2025-ல் வந்த ஓர் ஆய்வில் கையை எடுக்கப் போகும் 3 பேரை அறுவைக்கு முன்னும், பிறகு வருடக்கணக்கிலும் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இல்லாத விரல்களை அசைக்கச் சொன்னபோது மூளையில் எழுந்த வரைபடம் முன்பு இருந்த மாதிரியே இருந்தது, முகம் வந்து பிடித்துக்கொள்ளவில்லை. எனக்கு இது ரொம்ப முக்கியமான முடிவாகப் படுகிறது, ஏனென்றால் கால் போய்ப் பல வருடம் ஆனவர்கள்கூட ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

ராமச்சந்திரன் கொடுத்த இன்னொன்று கண்ணாடிப் பயிற்சி. 2007-ல் அமெரிக்காவில் கால் இழந்த ராணுவத்தினரிடம் இதைச் சோதித்தார்கள்: ஒரு குழு கண்ணாடியில் நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே அசைத்தது, ஒரு குழு மூடிய கண்ணாடியின் முன்னால், இன்னொரு குழு கண்ணை மூடி மனதுக்குள். தினம் 15 நிமிடம், 4 வாரம். கண்ணாடியில் பார்த்த எல்லோருக்குமே வலி குறைந்தது, மற்ற இரண்டு குழுக்களில் சிலருக்கு வலி அதிகமானது. மொத்தம் 18 பேர்தான் முடித்தார்கள், பின்னால் வந்த ஆய்வுகளில் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. எல்லோருக்கும் கேட்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் செலவே இல்லாதது, முயன்று பார்க்கலாம். அப்பாவைக் கட்டிலில் சாய்ந்து கால் நீட்டி உட்கார வையுங்கள். முழங்கால் உயரமுள்ள ஒரு கண்ணாடியை இரண்டு கால்களுக்கும் நடுவே, முகம் பார்க்கும் பக்கம் இடது காலை நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள், ஓரத்துக்குத் துணி சுற்றுங்கள், ஏனென்றால் சுகர்காரருக்கு நல்ல காலும் மரத்துத்தான் இருக்கும், கண்ணாடி கீறினால் தெரியாது. அவர் லேசாக இடப்பக்கம் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தால் வலது கால் இருக்கும். இடது கட்டைவிரலை மெதுவாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள், அதேபோல் இல்லாத விரலையும் அசைப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் தடவை சிலர் அழுதுவிடுவார்கள், சிலருக்குத் தலை சுற்றும். அப்படியானால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், மறுநாள் பிசியோ ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இதைச் செய்வதற்கு முன் ஸ்டம்பை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு, வீக்கம், சீழ், சூடு இருந்தால் அது வேறு விஷயம், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நரம்பு வலிக்கென்று தனி மாத்திரைகள் இருக்கின்றன, சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்காது, மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கும். இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய பயம்: நடு ராத்திரி பாத்ரூம் போக எழும்போது கால் இருக்கிற நினைப்பிலேயே வலது பக்கம் ஊன்றுவார்கள். அப்படி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாக்கரைக் கட்டிலை ஒட்டி, எழுந்தால் கை முதலில் அதில் படும்படி குறுக்கே வையுங்கள், ஒரு சின்ன விளக்கு எரியட்டும். அதே பேண்டம் உணர்வு செயற்கைக்கால் மாட்டும்போது உதவியும் செய்யும், இல்லாத பாதம் போய் அந்தக் காலுக்குள் பொருந்திக்கொண்ட மாதிரி இருக்கிறது என்பார்கள், அவர்கள் நடை சீக்கிரம் சீராகும்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. மற்றதெல்லாமும் இப்படித்தானா? பெரும்பாலும் ஆமாம். இருக்கிற உங்கள் காலையும் நீங்கள் மூளையில்தான் உணர்கிறீர்கள், அங்கிருந்து வருகிற செய்தி அந்த உணர்வைச் சதா திருத்திக்கொண்டே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். இதை நீங்களே கண்ணில் பார்க்கலாம். கோடு போட்ட நோட்டில் இடது ஓரமாக ஒரு பெருக்கல் குறி போடுங்கள், அதே கோட்டில் வலப்பக்கம் 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பார்த்துக்கொண்டே நோட்டை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். 35, 40 சென்டிமீட்டர் தூரத்தில் புள்ளி காணாமல் போகும். அப்போது புள்ளியின் பிம்பம் விழுவது கண்ணின் நரம்பு வெளியேறுகிற இடத்தில், அங்கே ஒளியை வாங்கும் செல்களே இல்லை. ஆனால் அங்கே ஓட்டை தெரிகிறதா பாருங்கள், தெரியாது, கோடு நேராக ஓடும். அந்தக் கோட்டை உங்கள் கண் பார்க்கவில்லை, சுற்றிலும் இருப்பதை வைத்து 'இங்கேயும் கோடுதான் இருக்கும்' என்று மூளை போட்டுக்கொண்டது. இத்தனை வருடமும் இரண்டு கண்ணிலும் இப்படி ஓரிடத்தை வைத்துக்கொண்டு நாம் ஒரு குறையும் தெரியாமல் இருந்திருக்கிறோம்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1860-களிலேயே, பார்ப்பது என்பது நமக்குத் தெரியாமல் மூளை செய்கிற அனுமானம் என்று எழுதினார். மூளையின் அமைப்பும் அதற்கு ஒத்துப்போகிறது. கண்ணிலிருந்து வரும் செய்தி நடுமூளைக்கு மேலே இருக்கிற தலாமஸ் வழியாகத்தான் பின்மண்டையில் இருக்கும் பார்வைப் பகுதிக்குப் போகிறது, ஆனால் தலாமஸின் அந்தப் பகுதியில் வந்து சேரும் இணைப்புகளில் கண்ணிலிருந்து வருபவை சுமார் 10-ல் ஒரு பங்குதான், மூளையின் மேலடுக்கான மேற்புறணியிலிருந்து திரும்பி இறங்குபவை அதைவிடப் பல மடங்கு. வெளியிலிருந்து உள்ளே வருவதைவிட உள்ளிருந்து எதிர்கொள்வதற்குப் போகிற போக்குவரத்து அதிகம். என்ன வரப்போகிறது என்று மூளை முன்கூட்டியே ஊகிக்கிறது, புலன்கள் அந்த ஊகத்தில் தப்பை மட்டும் சொல்கின்றன, தப்பு பெரிதானால் ஊகம் மாறுகிறது. இன்று கார்ல் ஃபிரிஸ்டன், அனில் சேத் போன்ற நரம்பியல் விஞ்ஞானிகள் விரிவாக்கிக்கொண்டிருப்பது இந்த எண்ணத்தைத்தான்.

ஊகம் எங்கிருந்து வருகிறது? பட்ட அனுபவத்திலிருந்து. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த அந்த விடியற்காலையை வீட்டுக்குள் இருந்து கேட்டவர்களுக்கு, இன்றைக்கும் மார்கழிக் காற்று கொஞ்சம் விசிலடித்தால் மார் படபடக்கும். வெளியூரிலிருந்து வந்து இங்கே குடியிருப்பவர் அதே காற்றை ஜில்லென்று ரசித்துக்கொண்டிருப்பார். காதில் விழுவது ஒரே சத்தம்தான், கேட்பது வேறு வேறு. இதயம் வேகமாகத் துடிப்பதையும் வயிறு பிசைவதையும் இன்சுலா என்ற பகுதி வாங்கிக்கொண்டு, வெளியே கேட்பதோடு சேர்த்துத்தான் 'பயம்' என்ற அனுபவம் உருவாகிறது. வலியும் அப்படியே. ராத்திரியில் வேறு சத்தமில்லை, கவனம் முழுக்க அங்கேதான், கவலை வேறு, அப்பாவின் எரிச்சல் ராத்திரியில் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காக எல்லாம் மாயை என்று போய்விடாதீர்கள், அங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊகம் சரியாக இல்லாவிட்டால் ரோட்டைக் கடக்கவே முடியாது. புலன்கள் திருத்திக்கொண்டிருக்கிற வரை மூளையின் ஊகம் உலகத்தை விட்டு அதிக தூரம் போக முடியாது. தூக்கத்தில் அந்தத் திருத்தம் நின்றுபோகிறது, அதனால் கனவில் எதுவும் நடக்கலாம். அப்பாவுக்கு அந்த ஒரு காலிலிருந்து மட்டும் திருத்தம் வருவதில்லை.

பிரக்ஞை எங்கே இருக்கிறது? ஒரே இடமென்று விரல் வைத்துக் காட்ட முடியாது, ஆனால் எங்கே இல்லை என்று நன்றாகவே தெரியும். மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள், அதில் 6,900 கோடி பின்னால் இருக்கும் சிறுமூளையில். எண்ணிக்கைதான் கணக்கென்றால் 'நான்' அங்கேதான் இருக்க வேண்டும். ஆனால் சீனாவில் 24 வயதுப் பெண் ஒருவருக்குத் தலைசுற்றல் என்று ஸ்கேன் எடுத்தபோது பிறவியிலேயே சிறுமூளை இல்லை என்று தெரிந்தது. 2014-ல் அது வெளியானது. நடையும் பேச்சும் கொஞ்சம் தடுமாறும், மற்றபடி நம்மைப் போலவே நினைவோடு வாழ்ந்தவர். இன்னொரு பக்கம், மூளையை முதுகுத்தண்டோடு இணைக்கும் மூளைத்தண்டில் சுண்டுவிரல் நுனியளவு அடிபட்டாலே ஆள் கோமாவுக்குப் போய்விடலாம். 1949-ல் மொருட்சி, மகூன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூளையை விழிக்க வைக்கும் செல்கள் அங்கே இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் விழிக்க வைப்பது மட்டும் போதாது. மேற்புறணியும் தலாமஸும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும்.

மயக்க மருந்தில் இது தெளிவாகத் தெரியும். மயக்கத்தில் இருப்பவர் காதருகே பேசினாலும் சத்தம் மூளையின் கேட்கும் பகுதி வரை போய்ச் சேர்கிறது, அங்கிருந்து பரவுவதில்லை. இத்தாலியில் மாசிமினி என்பவரின் குழு மண்டைக்கு மேலே காந்தத் துடிப்பு ஒன்றைக் கொடுத்து, அது மூளைக்குள் எப்படி ஓடுகிறது என்று அளந்தது. விழித்திருக்கும்போது அது பல இடங்களுக்குத் தாவி, ஒவ்வோரிடத்திலும் வெவ்வேறு விதமாக எதிரொலிக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் தட்டிய இடத்திலேயே அடங்கிவிடுகிறது. கனவு காணும்போது மறுபடி விழிப்பு மாதிரியே பரவுகிறது. கனவிலும் நாம் உணர்ந்துகொண்டிருக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 2013-ல் இதைப் பிரக்ஞையை அளக்கும் ஓர் அளவுகோலாகவே வெளியிட்டார்கள்.

என் வேலையில் இதன் விளைவு பெரிது. 2006-ல் ஏட்ரியன் ஓவன் என்ற ஆய்வாளர், விபத்தில் அடிபட்டு 5 மாதமாக, சொன்னதற்கு எந்தப் பதிலும் இல்லாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேனுக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள் என்றார். நல்ல நிலையில் இருப்பவருக்கு வேலை செய்கிற அதே பகுதி வேலை செய்தது. வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாக நினை என்றதும் வேறு பகுதி. அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார். 2024-ல் வந்த பெரிய ஆய்வில், சொன்னதற்கு வெளியே எந்தப் பதிலும் தராத 241 பேரில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேருக்கு இப்படி உள்ளே பதில் இருந்தது. எனவே கோமா மாதிரிப் படுத்திருக்கிற ஒருவரின் தலைமாட்டில் நின்றுகொண்டு சொத்தைப் பற்றியும் காரியச் செலவைப் பற்றியும் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. வெளியே கூட்டிப்போய்ப் பேசச் சொல்லிவிடுவேன்.

இதெல்லாம் எப்படி அனுபவமாக மாறுகிறது என்பதில்தான் இன்னும் சண்டை. 1998-ல் கிறிஸ்டோஃப் கோக் என்ற நரம்பியல் விஞ்ஞானி, 25 வருடத்துக்குள் பிரக்ஞையின் மூளைச் சுவடு தெளிவாகிவிடும் என்று தத்துவவாதி டேவிட் சால்மர்ஸோடு ஒயின் பந்தயம் கட்டினார். 2023 ஜூனில் நியூயார்க் மேடையில் தோற்றுப்போய்ப் பாட்டில்களைக் கொடுத்தார். செய்தி மூளை முழுவதற்கும் பொதுவாக அறிவிக்கப்படும்போது பிரக்ஞை வருகிறது என்பது ஒரு கட்சி, பகுதிகள் பிரிக்க முடியாதபடி ஒன்றாகப் பின்னிக்கொள்வதே பிரக்ஞை என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் முன்கூட்டியே விதிகளை ஒத்துக்கொண்டு 256 பேரை வைத்துச் சோதித்தார்கள், 2025-ல் முடிவு வெளியானது, இருவர் சொன்னதிலும் முக்கியமான சில இடங்கள் பொய்த்தன. எதிரெதிர் ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து இப்படி ஒரு சோதனை நடத்தியதே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

சால்மர்ஸ் 1995-ல் எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது: எந்த நரம்பு எப்போது துடிக்கிறது என்று முழுவதுமாகச் சொல்லிவிட்டாலும், அது ஏன் எரிச்சலாக இருக்கிறது? மூளை இல்லாமல் அனுபவம் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, ஆனால் இந்தக் கேள்வியை வெறும் சொல் விளையாட்டு என்று தள்ளுகிறவர்களோடு நான் இல்லை, ஏனென்றால் தினமும் என் முன்னால் வந்து உட்காருவதே அந்த எரிச்சல்தான். அதை அளக்க இன்றைக்கும் மீட்டர் கிடையாது. 0 முதல் 10 வரைக்குள் ஓர் எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்வதுதான் முறை. நீங்களும் ஒரு நோட்டில் அப்படி எழுதிவையுங்கள்: காலையில் எவ்வளவு, படுக்கும்போது எவ்வளவு, கண்ணாடிப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எவ்வளவு, எரிச்சலா, சுரீர் என்று இழுப்பதா, விரல் மடங்கிக் கிடக்கிற மாதிரி இருக்கிறதா. 4 வாரம் எழுதி அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது கையில் எடுத்துப் போங்கள், மாத்திரையின் அளவை மாற்றுவதா வேண்டாமா என்று அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.